நசுங்காத எலுமிச்சை

மன்னித்துக்கொள். ஒரு வருடம் கழித்து, அதுவும் நீ படிக்க முடியாத காலத்தில் எழுதுகிறேன். நீ இருந்தபோது உனக்கு நான் நாலு வரி சேர்ந்தாற்போல் எழுதியதில்லை. நீ அனுப்பும் நீளமான குரல் செய்திகளுக்கெல்லாம் ஒரு கட்டைவிரல் படத்தைத்தான் பதிலாக அனுப்பியிருக்கிறேன். இப்போது எழுதுவது சரியா என்று தெரியவில்லை. ஆனால் உள்ளே போவதற்கு முன் உன்னிடம் ஒன்று கேட்டாக வேண்டும். அதைக் கடைசியில் கேட்கிறேன். முதலிலேயே கேட்டுவிட்டால் மீதியைச் சொல்லாமல் நிறுத்திவிடுவேன்.

உள்ளே என்றால் உன் வீட்டுக்குள். சிலிபினில், உன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, ரம்புத்தான் மர நிழலில் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சனிக்கிழமை காலை. உன் அம்மாவின் தையல் இயந்திரம் ஓடுவது இங்கேவரை கேட்கிறது. கொஞ்சம் ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. பக்கத்து இருக்கையில் உன் ஊதா நிறக் குளிர்ச்சட்டை கிடக்கிறது.

போன ஞாயிறு உன் வருடப் படையலுக்கு வந்திருந்தேன். கிளம்பும்போது ஆன்ட்டி, உன் அம்மா, இந்தச் சட்டையை ஒரு பையில் போட்டு என் கையில் திணித்தார். "இது உன்னோடதும்மா. ஹால்ல மாட்டியிருக்கிற போட்டோவுல நீதானே போட்டிருக்க. இவ மறந்து எடுத்துட்டு வந்துட்டா போல." அது உன்னுடையது, எனக்கு இரவலாகக் கொடுத்தது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன்.

புந்தோங்கில் என் அறைக்கு வந்து பையைப் பிரித்ததும் தைலம் வாசனை வந்தது. நீ எங்கே போனாலும் கைக்குட்டையில் தடவி வைத்துக்கொள்ளும் அதே தைலம். எனக்கு ஏதாவது தோன்றும் என்று சற்று நேரம் காத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. வலது பையில் கையை விட்டேன். கொட்டைப்பாக்கைவிடச் சற்றுப் பெரிதாக, பழுப்பேறிக் கல்லாகக் காய்ந்த ஒரு எலுமிச்சை. காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே விதைகள் சத்தம் போட்டன.

அதை அங்கே வைத்தவள் நான்தான். உனக்குத் தெரியாது. அல்லது தெரியுமா?

மூன்று வருடத்துக்கு முன், ஏப்ரல் விடுமுறை. கிறைஸ்ட்சர்ச்சில் நாம் படித்த கடைசி வருடம். நீ, நான், உன் வகுப்பில் படித்த புவனா, நம் ஊர்ப் பக்கம் லூமுட்டிலிருந்து வந்திருந்த தினேஷ். பனியாற்றைப் பார்க்காமல் ஊர் திரும்பினால் நியூசிலாந்தில் படித்தோம் என்று சொல்லக்கூடாது என்று நீதான் ஆரம்பித்தாய். வாடகைக் காரை எடுத்தவளும் நீ, ஓட்டியவளும் நீ. கார் கைக்கு வந்ததும் கடை வாசலிலேயே உனக்குச் சாங்கியம் ஞாபகம் வந்துவிட்டது.

"எலுமிச்சம்பழம் வைக்காம எப்படிலா வண்டிய எடுக்கிறது? எங்கம்மா கேட்டா கொன்னுடும்."

"வாடகைக் காருக்கா?" என்றான் தினேஷ். "காரோட சொந்தக்காரன் வெள்ளைக்காரன்லா. அவனுக்கு முனியாண்டி யாருன்னே தெரியாது."

"முனியாண்டிக்கு அவனத் தெரிஞ்சா போதும்."

ஊரில் கிடைக்கும் சின்னப் பச்சை எலுமிச்சை அங்கே கிடைக்கவில்லை. முட்டை முட்டையாக மஞ்சள் பழங்கள்தான் இருந்தன. நாலு வாங்கி நாலு சக்கரத்துக்கும் வைத்தோம். புவனா கடைக்காரன் வருகிறானா என்று காவல் நின்றாள். நான் இடது பக்கம் குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது உன் உத்தரவு. நீ காரை மெதுவாக நகர்த்தினாய். மூன்று பழம் நசுங்கிச் சாறு தெறித்தது. இடது முன்சக்கரத்தின் பழம் மட்டும், தோல் தடிப்பாக இருந்ததால், வழுக்கி உருண்டு நடைபாதை ஓரம் போய் நின்றது. ஒரு கீறல் இல்லை.

நீ கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாய். "ஏய் ஊமச்சி, நாலும் நசுங்கிடுச்சா?"

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அந்தச் சிரிப்பை நிறுத்த எனக்கு வரவில்லை. "ஆமா" என்றேன். நீ பார்க்காதபோது அந்தப் பழத்தை எடுத்து, அன்று காலைதான் நீ எனக்குக் கொடுத்திருந்த இந்தச் சட்டையின் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஒரு எலுமிச்சை நசுங்காததால் யாருக்கும் எதுவும் நடந்துவிடாது. அது எனக்கும் தெரியும். நான் சொல்ல வருவது அந்த "ஆமா"வைப் பற்றி.

என்னைப் பற்றி உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். சுங்கை சிப்புட் பக்கம் என் அம்மா பால்மரம் வெட்டிய ரப்பர்த் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. அவர் இன்று கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். புதிய இடங்களில் எங்கே நிற்பது, யாரிடம் எதைக் கேட்பது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. விடுதிப் பதிவிலிருந்து கோப்பிக் கடைவரை எனக்காக நீதான் பேசினாய். "இவளுக்கு ஒரு கோப்பி, சீனி கம்மியா" என்று நீ சொல்வாய். நான் பின்னால் நின்று மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ பேசினாய், நான் பார்த்தேன். அப்படியே நமக்குள் பழகிவிட்டது.

அந்தப் பயணத்திலும் நான் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். சாலையோரம் பாப்ளார் மரங்கள் மஞ்சளாக நின்றன. புக்காக்கி ஏரி வந்ததும் நீ காரை ஓரம் கட்டினாய். அந்த நீலம் தண்ணீரின் நிறம் மாதிரியே இல்லை. யாரோ பாலில் நீலத்தைக் கரைத்து ஊற்றியது மாதிரி இருந்தது. பனியாறு பாறையை அரைத்து அரைத்து மாவாக்கி அனுப்புவதால் அந்த நிறம் என்று பலகையில் எழுதியிருந்தது.

தினேஷ் இடுப்பில் கை வைத்துப் பார்த்தான். "இதுக்காலா இவ்ளோ தூரம் வந்தோம்? நம்ம ஊர்ல பத்து காஜா பக்கம் போனா ஈயம் தோண்டின ஈயக்குட்டை இருக்கு. இதே கலர்."

"ஈயக்குட்டைக்குப் பின்னாடி பனிமலை இருக்கா?"

"பின்னாடி செம்பனை இருக்கு. அதுக்கென்ன குறைச்சல்?"

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரித்து முடித்தபின் காரில் சாய்ந்து மூச்சு வாங்கினாய். சிரிப்பு நின்று வெகுநேரம் ஆகியும் உன் தோள்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. நான் பார்த்தேன்.

மறுநாள் காலை பனியாற்றுப் பள்ளத்தாக்குக்குள் நடந்தோம். போக ஐந்து கிலோமீட்டர், பாதி சமதரை. வழியில் மூன்று தொங்குபாலங்கள். சாம்பல் நிற ஆறு பாறைகளை உருட்டிக்கொண்டு கீழே ஓடியது. மரமே இல்லை, முட்புதர், கல், அதற்குமேல் பனி. நம் ஊர்க் காடு கழுத்துவரை வந்து நெருக்கும். அங்கே எல்லாமே விலகி நின்றது.

முதல் பாலம் தாண்டியதும் நீ குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினாய். "லேஸ் அவுந்துருச்சுலா, நீங்க போங்க." இரண்டாவது பாலத்துக்கு முன்பு ஒரு தடவை, பின்பு ஒரு தடவை. மூன்றாவது பாலத்தின் மறுமுனையில் நாலாவது தடவை. உன் பக்கத்தில் நின்றதால் எனக்குத் தெரிந்தது: கயிறு அவிழவே இல்லை. இரட்டை முடிச்சு போட்டபடியே இருந்தது. நீ முடிச்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு, தலையைத் தொங்கவிட்டு, மூச்சு திரும்புவதற்காகக் காத்திருந்தாய்.

தினேஷும் புவனாவும் முன்னால் போய்விட்டார்கள். பனியாற்றின் அடியிலிருக்கும் ஏரிக்கு ஏறும் கடைசி மேட்டில் ஐந்தாவது தடவை குனிந்தாய். குனிந்தவள் அப்படியே பக்கவாட்டில் சரிந்தாய். தலை கல்லில் படாமல் நான் தோளைப் பிடித்தேன். உன் உதடு வெளிறி, ஓரம் நீலம் பாரித்திருந்தது. கண் திறந்தே இருந்தது, ஆனால் நீ அதில் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நான் கத்தவில்லை. உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை. உன் கைக்குட்டையைத் தேடி எடுத்து மூக்கில் வைத்தேன்.

நீ திரும்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அவங்க பாத்தாங்களா?"

"இல்ல."

"இதுக்கு முன்னாடியும் வந்திருக்கு. ஒண்ணுமில்ல. தானா போயிரும்." எழுந்து உட்கார்ந்தாய். "எங்கம்மாகிட்ட சொல்லிராதே."

நீ ஏரியின் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாய். "எங்கப்பா வேலை செஞ்ச இடத்துல நின்ன மேனிக்கே விழுந்தாரு. முப்பத்தொன்பது வயசு. வெயில்னு சொன்னாங்க. அம்மா அதுக்கப்புறம் ஒரு வருசம் தூங்கலை. இது தெரிஞ்சா நாளைக்கே டிக்கெட் போட்டு என்னைக் கூப்பிட்டுக்கும். இன்னும் ஏழு மாசம்தான். முடிச்சிட்டு நானே டாக்டர்கிட்ட போறேன். சத்தியம் பண்ணு, சொல்ல மாட்டேன்னு."

"சொல்ல மாட்டேன்."

"இப்படி இல்ல. உங்கம்மா மேல சத்தியம் பண்ணு."

உன் உள்ளங்கையை நீட்டினாய். அது சில்லென்று இருந்தது. நான் என் அம்மாவின் மேல் சத்தியம் செய்து அதில் அடித்தேன். நீ சிரித்தாய். "உன்கிட்ட போய் சத்தியம் வாங்குறேன் பாரு. நீயே பேச மாட்டே."

பிறகு ஏரிக்குப் போனோம். தூரத்தில் பனியாறு அழுக்குச் சுவர் மாதிரி நின்றது. அதிலிருந்து உடைந்த பனிக்கட்டிகள் தண்ணீரில் மிதந்தன. யார் அதிக நேரம் தண்ணீருக்குள் கையை வைத்திருப்பது என்று தினேஷ் பந்தயம் வைத்தான். அவன் பத்து எண்ணுவதற்குள் அலறி எடுத்துவிட்டான். புவனாவும் எடுத்துவிட்டாள். நான் எடுக்கவில்லை. முதலில் எரிந்தது, பிறகு வலித்தது, பிறகு கை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. நீதான் என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தாய். "விரல் போயிரும்லா, ஊமச்சி." அந்த நேரத்தில் புவனா எடுத்ததுதான் உன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படம். நாம் இருவரும் சிரிக்கிறோம். உன் உதட்டின் நிறத்தை அந்தப் படத்தில் உற்றுப் பார்த்தால் தெரியும். யாரும் உற்றுப் பார்த்ததில்லை.

ஊர் திரும்பும்வரை ஒரே ஒரு தடவை கேட்டேன். "டாக்டர்கிட்ட போனியா?" "போனேன். ரத்தம் கம்மியாம். மாத்திரை குடுத்திருக்காங்க." நாம் ஒரே அறையில் இருந்தோம். அலமாரியில் மாத்திரை எதுவும் இல்லை. நான் அதையும் பார்த்தேன், மறுபடி கேட்கவில்லை.

நீ போனது ஒரு வியாழக்கிழமை காலை, உன் அலுவலகப் படிக்கட்டில். அதற்கு முந்திய வாரம் உனக்குக் காய்ச்சல் இருந்தது. மருத்துவமனை நடைவழியில் டாக்டர் உன் அம்மாவிடம் பேசியபோது நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். இதயத் தசை தடித்திருக்கிறது, பல வருடமாகவே இருந்திருக்கலாம், முன்பு எப்போதாவது மயக்கமோ மூச்சுத் திணறலோ உண்டா என்று டாக்டர் கேட்டார். கூடப் பிறந்தவர்களையும் பரிசோதிப்பது நல்லது என்றார்.

"ஒண்ணுமே இருந்ததில்ல டாக்டர். காய்ச்சல்தான் நெஞ்சுக்கு ஏறிருச்சு" என்றார் ஆன்ட்டி. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதானேம்மா அங்க கூடவே இருந்தவ. நல்லாத்தானே இருந்தா?"

"ஆமா ஆன்ட்டி."

அன்றைக்கு உன் தங்கை ஹரிணியை அழைத்துப்போய்க் காட்டலாம் என்று உன் மாமா சொன்னபோது ஆன்ட்டி கும்பிட்டு மறுத்துவிட்டார். "இருக்கிற ஒண்ணையும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க விடமாட்டேன். மூத்தவளுக்குக் காய்ச்சல். இவளுக்கு ஒண்ணுமில்ல." அவர் அப்படி நம்பியதற்கு என் "ஆமா"வும் ஒரு காரணம்.

சாவு வீட்டில் தினேஷ் சுவரில் சாய்ந்து அழுதான். புவனா மயங்கி விழுந்தாள். நான் நாற்காலிகளை வரிசையாகப் போட்டேன், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். நல்ல பெண் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு உள்ளே ஒன்றும் இல்லை. ஏரித் தண்ணீரில் வைத்த கை மாதிரி. அன்று வெளியே எடுத்தபின், கை சூடேறத் தொடங்கியபோதுதான் உயிர் போகிற மாதிரி வலித்தது. இந்த ஒரு வருடமாக அந்த வலிக்காகக் காத்திருக்கிறேன். இன்னும் வரவில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன். காலையில் கண்ணாடியில் தெரியும் முகம் சாப்பிட்ட முகமாகத்தான் இருக்கிறது.

இப்படியே இருந்திருப்பேன். போன ஞாயிறுதான் அது நடந்தது.

படையலுக்கு வந்த தண்ணீர்ப் பெட்டிகளைக் காரிலிருந்து இறக்க ஹரிணி உதவினாள். அவளுக்கு இப்போது பதினாறு. உன்னைவிட உயரம். வாசல் கேட்டிலிருந்து வீட்டுக்கு எத்தனை எட்டு இருக்கும் என்று உனக்கே தெரியும். மூன்றாவது பெட்டியைப் பாதி வழியில் கீழே வைத்தாள். குனிந்து, காலில் விரலை வைத்துக்கொண்டு, தலையைத் தொங்கவிட்டு நின்றாள்.

அவள் போட்டிருந்தது ஜப்பான் சிலிப்பர். கட்டுவதற்குக் கயிறே இல்லாத செருப்பு.

"என்னடா?" என்று கேட்டேன்.

"கல்லு மாட்டிக்கிச்சுக்கா. நீங்க போங்க."

அந்த "நீங்க போங்க" உன்னுடையது. நான் நகரவில்லை. அவள் நிமிர்ந்தபோது உதட்டைப் பார்த்தேன். உள்ளேயிருந்து ஆன்ட்டி கூப்பிட்டார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சாப்பிடும்போது அவளே பெருமையாகச் சொன்னாள், இன்றிலிருந்து நாலாம் நாள், புதன்கிழமை, பள்ளியில் மெரெந்தாஸ் டேசா ஓட்டமாம். பள்ளியைச் சுற்றிச் செம்மண் காட்டுப் பாதையில் ஓடுவது. போன வருடம் முதல் இருபதுக்குள் வந்தாளாம்.

திங்கள், செவ்வாய், புதன், வியாழன் நான் ஒன்றும் செய்யவில்லை. போனில் உன் அம்மாவின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பட்டம் வாங்கியவள் சத்தியத்துக்குப் பயப்படுவது சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அது என் அம்மாவின் மேல் செய்தது. எனக்கு இருப்பது அவர் ஒருவர்தான்.

அம்மாவின் வீட்டுக்குப் போய், நேற்றுக் காலை அவர் வேலைக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டேன். தொழிற்சாலை பஸ் வர ஐந்து நிமிடம் இருந்தது. அவர் தலையில் வலையை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"என் மேலயா வச்ச?"

"ம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமயே?"

நான் தரையைப் பார்த்தேன். அம்மா சிரித்துவிட்டார். "நெத்தி விளக்கைக் கட்டிக்கிட்டு இருட்டுல பால்மரம் வெட்டினவ நான். பாம்பும் அட்டையும் செய்யாததையா உன் சத்தியம் செஞ்சிரப் போவுது?" பஸ் சத்தம் கேட்டது. செருப்பை மாட்டியவர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு போயிருந்தது. "அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆயி, அப்புறம் அவங்க அம்மா முன்னாடி நீ போய் நிப்பியா? நாளைக்கே போ. என்னமாச்சும் வந்தா என்னோட போவட்டும்."

என் அம்மா தன் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டார். அதனால்தான் இங்கே வந்திருக்கிறேன்.

உள்ளே போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆன்ட்டி முதலில் கோப்பி கலக்கப் போவார். நான் வேண்டாம் என்பேன். படத்தைக் காட்டி உன் உதட்டைப் பார்க்கச் சொல்வேன். ஐந்து தடவை குனிந்ததைச் சொல்வேன், அப்பாவைப் பற்றி நீ சொன்னதைச் சொல்வேன், ஹரிணியின் செருப்பைச் சொல்வேன். திங்கட்கிழமை அவளை மருத்துவமனைக்கு நானே அழைத்துப்போகிறேன் என்பேன். அதற்கு அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "அப்பவே ஏம்மா சொல்லலை?" அன்று சொல்லியிருந்தால் நீ இருந்திருப்பாயா என்று டாக்டருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆன்ட்டி அதை எப்போதும் நினைத்துக்கொண்டிருப்பார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பார். ஒருவேளை இனி என்னைப் பார்க்கவே விரும்பமாட்டார். அது சரிதான். அதை நான் சுமந்துகொள்கிறேன்.

எனக்காக எல்லா இடத்திலும் நீ பேசினாய். இந்த ஒரு இடத்தில் உனக்காக நான்தான் பேச வேண்டியிருக்கிறது. எனக்கு அது சரியாக வராது. தடுமாறுவேன், பாதியில் நிறுத்துவேன். கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று அந்த எலுமிச்சையைச் சட்டையின் அதே பையில் போட்டு வைத்திருக்கிறேன். அது நசுங்கவில்லை என்று உன்னிடம் சொல்ல மூன்று வருடம் ஆகியிருக்கிறது. ஹரிணிக்கு அவ்வளவு நாள் இல்லை.

தையல் இயந்திரம் நின்றுவிட்டது. யாரோ வாசலுக்கு வருகிறார்கள். ஹரிணிதான், துணி உலர்த்த வந்திருக்கிறாள். என் காரை அடையாளம் கண்டு கையை ஆட்டுகிறாள்.

அன்று உன் கையில் அடித்துக் கொடுத்த சத்தியத்தை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடு.